டி.டி. சைக்கிளை அன்றாடச் சாலைக்கு மாற்றுவது: டர்பன் மேடுகளுக்கான வழிமுறை

ட்ரையத்லானை விட்டவர்களும் புது சைக்கிளுக்கு மாறியவர்களும் விற்கும் டைம் டிரையல் (டி.டி.) சைக்கிள்கள், அதாவது முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டும் பந்தய சைக்கிள்கள், தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும், முன்பு போர்ட் எலிசபெத் என்று அழைக்கப்பட்ட க்கெபெர்ஹாவிலும் அடிக்கடி கைமாறுகின்றன. நல்ல கார்பன் ஃப்ரேம், நல்ல கியர், குறைவாக ஓடிய சக்கரம் எல்லாம் ஒரே விலையில் கிடைப்பதால் ஆசை வருவது இயல்பு. வாங்கியதும் பலர் செய்வது ஒன்றே: முழங்கை ஊன்றும் எல்போ பேடையும் முன்னே நீளும் நீட்டுக் கம்பியையும் கழற்றிவிட்டு, தட்டையான பேஸ் பாருக்குப் பதில் கீழே வளைந்த டிராப் பாரைப் போட்டு ஓட்டத் தொடங்குகிறார்கள். ஒரு மாதத்தில் மணிக்கட்டு மரத்துப்போகிறது, கழுத்து வலிக்கிறது, டர்பனின் சாட்ஸ்வர்த் மேட்டில் முழங்கால் கேள்வி கேட்கிறது.

காரணம், மாற்றம் தவறான முனையில் தொடங்கியதுதான். டி.டி. சைக்கிளில் முதலில் மாற வேண்டியது சீட்டின் இடம். பிறகு கை வைக்கும் இடம், அதன் பிறகு பிரேக், கேபிள், கியர், சக்கரம். சீட் போதுமான அளவு பின்னே வராத ஃப்ரேமுக்கு டிராப் பார் வாங்குவது வீண் செலவு. ஆகவே ஒரு பாகமும் வாங்கும் முன்பே அளவு நாடாவையும் தூக்குக் குண்டையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

சீட்: முதல் கேள்வி, முக்கியமான கேள்வி

சாதாரண ரோடு ஃப்ரேமில் சீட் குழாயின் கோணம் 73 அல்லது 74 டிகிரி. டி.டி. ஃப்ரேமில் அது 76 முதல் 80 வரை போகும். எண்ணில் சிறியதாகத் தெரிந்தாலும் உடம்புக்கு இது பெரிய வித்தியாசம். பெடல் கைகள் சுழலும் இடமான பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து சீட் உயரம் 75 செ.மீ. என்று கொண்டால், ஒவ்வொரு டிகிரிக்கும் சீட் ஏறத்தாழ 13 மி.மீ. முன்னே வருகிறது. 78 டிகிரி ஃப்ரேமில் உட்காருபவர் 73 டிகிரி ஃப்ரேமில் உட்காருபவரைவிட 63 மி.மீ. முன்னே இருக்கிறார். முழங்கை பேடில் ஊன்றியிருக்கும்போது அது சரி. எலும்பு எடையைத் தாங்கும், இடுப்பும் திறந்திருக்கும். அதே இடத்தில் உட்கார்ந்து உள்ளங்கையை டிராப் பார் லீவரின் ரப்பர் மூடியான ஹுட்டில் வைத்தால் மேல் உடம்பின் எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். எந்தக் கையுறையும், எந்தத் தடித்த பார் டேப்பும் இதைத் தீர்க்காது.

இப்போது அளந்து பாருங்கள். சைக்கிளைச் சமதரையில் நிறுத்தி, சீட்டின் மூக்கு நுனியிலிருந்து தூக்குக் குண்டு நூலைத் தொங்கவிடுங்கள். நூலுக்கும் பாட்டம் பிராக்கெட்டின் மையத்துக்கும் இடையே உள்ள கிடைத் தூரம்தான் பின்னடைவு. ரோடு சைக்கிளில் பெரும்பாலோருக்கு அது 50 முதல் 80 மி.மீ. வரை இருக்கும். டி.டி. சைக்கிளில் சுழியமாகவோ, சீட் மூக்கு மையத்தைத் தாண்டி முன்னேயோ இருக்கும். ஒரு எச்சரிக்கை: டி.டி. சீட்டுகளில் பல மூக்கு வெட்டப்பட்டவை, குட்டையானவை. அவற்றின் நுனியை நீளமான ரோடு சீட்டின் நுனியோடு ஒப்பிட்டால் கணக்குத் தவறும். சீட்டின் அகலம் 80 மி.மீ. ஆகும் இடத்தைப் பென்சிலால் குறித்து, இரண்டு சைக்கிளிலும் அந்தக் குறியிலிருந்தே அளக்க வேண்டும். அங்கேதான் உட்காருகிறோம்.

பின்னே தள்ள என்ன வழி? முதலில் சீட்போஸ்டின் தலையைப் பாருங்கள். பல டி.டி. சீட்போஸ்டுகளில் கிளாம்பைத் திருப்பிப் போடலாம், அல்லது முன்னும் பின்னுமாக இரண்டு துளைகள் இருக்கும். பின் துளைக்கு மாற்றினாலே 25 மி.மீ. போலக் கிடைத்துவிடும். அடுத்து சீட்டின் கம்பி. ரோடு சீட்டில் சுமார் 30 மி.மீ. நகர்த்த இடமுண்டு. கம்பியில் குறித்திருக்கும் எல்லைக் கோட்டைத் தாண்டிக் கிளாம்பைப் பிடிக்காதீர்கள். கார்பன் கம்பி அங்கேதான் உடைகிறது. கார்பன் கம்பி 7×9 மி.மீ. முட்டை வடிவம், உலோகக் கம்பி 7 மி.மீ. வட்டம். கிளாம்பின் காது எதற்கு உரியது என்று பார்த்துவிட்டுச் சீட்டை வாங்குங்கள்.

காற்றைக் கிழிக்கும் வடிவச் சீட்போஸ்ட் அந்த ஃப்ரேமுக்கே உரியது. வட்டக் குழாய் போல வேறொன்றை மாற்றிப் போட முடியாது. எனவே திருப்ப முடியாத தலையும் குறுகிய கிளாம்பும் உள்ள ஃப்ரேமில் நாம் செய்யக்கூடியது மிகக் குறைவு. உங்களுக்கு வசதியான ரோடு சைக்கிளின் அளவுக்கு 20 மி.மீ. நெருக்கம்வரை கொண்டுவர முடிந்தால் வேலையைத் தொடரலாம். 40 மி.மீ. வித்தியாசம் மீந்தால் அந்த ஃப்ரேமை டி.டி. ஆகவே விற்றுவிட்டு, பழைய ரோடு ஃப்ரேம் ஒன்றைத் தேடுவதுதான் நல்லது. சொல்ல மனம் வராவிட்டாலும் உண்மை அதுதான்.

சீட்டைப் பின்னே தள்ளினால் பெடலுக்கும் சீட்டுக்குமான தூரம் கூடும். 75 செ.மீ. உயரத்தில் 30 மி.மீ. பின்னே போனால், கால் நீட்டம் மாறாமலிருக்க 7 மி.மீ. இறக்க வேண்டும். இதை மறப்பவர்களுக்குத்தான் முழங்காலின் பின்புறம் இழுக்கும்.

முன்பக்கம்: ஸ்டாக், ரீச், ஸ்டெம்

டி.டி. ஃப்ரேமில் ஃபோர்க் நுழையும் ஹெட் குழாய் குட்டை, மேல் பகுதி நீளம். பாட்டம் பிராக்கெட்டிலிருந்து ஹெட் குழாயின் மேல் முனை எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக், எவ்வளவு முன்னே என்பது ரீச்; ஹேண்டில்பாரைப் பிடிக்கும் துண்டு ஸ்டெம், அதன் அடியில் அடுக்கும் வளையம் ஸ்பேசர். ஒரே ஆளுக்குப் பொருந்தும் இரண்டு ஃப்ரேம்களை எடுத்துக்கொள்வோம். ரோடு ஃப்ரேமின் ஸ்டாக் 555, ரீச் 385 மி.மீ.; அதில் 100 மி.மீ. ஸ்டெம், கீழ் நோக்கி 6 டிகிரி, ஸ்பேசர் இல்லை. ஹெட் கோணம் 72.5. ஹேண்டில்பாரின் மையம் பாட்டம் பிராக்கெட்டிலிருந்து 575 மி.மீ. உயரத்திலும் 483 மி.மீ. முன்னேயும் அமைகிறது.

டி.டி. ஃப்ரேமின் ஸ்டாக் 510, ரீச் 415. பார்த்தவுடன் 45 மி.மீ. தாழ்வு, 30 மி.மீ. நீளம், நம்பிக்கை போய்விடும். ஆனால் ஹெட் குழாய் சாய்ந்திருப்பதால் மேலே ஏற ஏறக் கைப்பிடி பின்னாலும் வரும். 30 மி.மீ. ஸ்பேசர், 80 மி.மீ. ஸ்டெம் மேல் நோக்கி 6 டிகிரி என்று போட்டால் மையம் 571 உயரத்திலும் 479 முன்னேயும் வரும். ரோடு சைக்கிளுக்கு 4 மி.மீ. வித்தியாசம்தான்.

இந்தக் கணக்கு நிறைவேற, ஃபோர்க்கிலிருந்து மேலே நீளும் ஸ்டீரர் குழாயில் 30 மி.மீ. மீதி இருக்க வேண்டும். பழைய டி.டி. சைக்கிள்களில் பெரும்பாலும் முந்தைய சொந்தக்காரர் அதை ஒட்ட வெட்டியிருப்பார். வாங்கும் முன் ஸ்டெமுக்கு மேலும் கீழும் எத்தனை ஸ்பேசர் என்று எண்ணுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் மேல் நோக்கி 17 டிகிரி, 80 மி.மீ. ஸ்டெம் ஒன்றே வழி. அது 555 உயரம், 481 முன்னே என்று கொடுக்கும். ரோடு அளவைவிட 20 மி.மீ. தாழ்வு. இடுப்பு வளையும் உடம்புக்கு இது பரவாயில்லை, முதுகு வலி உள்ளவருக்கு ஆகாது. கார்பன் ஸ்டீரரில் நீட்டிப்புத் துண்டு பொருத்தி உயர்த்துவதை முழுவதுமாகத் தவிருங்கள். ஸ்பேசரும் ஃபோர்க் தயாரிப்பாளர் சொல்லும் உயரத்தைத் தாண்டக் கூடாது. பல ஃபோர்க்குகளுக்கு அது 30 முதல் 40 மி.மீ.

இன்னொரு பெரிய தடை, ஃப்ரேமோடு ஒட்டிய தனி வடிவ ஸ்டெமும் பேஸ் பாரும். 28.6 மி.மீ. ஸ்டீரரும், 31.8 மி.மீ. பிடிப்புள்ள சாதாரண ஸ்டெமும் இருக்கும் ஃப்ரேமைத் தேடுங்கள்; செர்வேலோவின் பழைய பி2, பி3 போன்றவை இந்த வகை. ஸ்டெமும் ஃபோர்க்கும் ஒரே உறைக்குள் மறைந்திருக்கும் மாடல்களுக்கு டிராப் பார் பொருத்தும் ஸ்டெம் கிடைப்பதே அரிது.

டிராப் பாருக்கு ரீச் (இங்கே பாரின் வளைவு முன்னே நீளும் தூரம்) 70 முதல் 75 மி.மீ., இறக்கம் 125 மி.மீ.க்குள் இருப்பதை எடுங்கள். ஏற்கெனவே நீளமான ஃப்ரேமில் 85 மி.மீ. ரீச் பாரைப் போட்டால் ஸ்டெமில் சேமித்தது பாரில் போய்விடும்.

ஓட்டும் குணம் மாறும் என்பதையும் எதிர்பாருங்கள். டி.டி. ஃப்ரேம் நேர்கோட்டில் நிலையாக ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. உடம்பின் எடை முன் சக்கரத்தில் இருக்கும் என்பது அதன் கணக்கு. எடை பின்னே போனதும் முன்பக்கம் இலேசாகும். வளைவில் கொஞ்சம் தாமதமாகத் திரும்புவது போலத் தோன்றும். 60 மி.மீ.க்கும் குறைந்த ஸ்டெம் போட்டால் கைப்பிடி பதற்றமாகவும் ஆகிவிடும். 70 முதல் 90 மி.மீ.க்குள் நிற்பதே நல்லது.

பழையதைக் கழற்றும்போது

ட்ரையத்லான் சைக்கிளின் முன்பகுதி ஆண்டுக்கணக்கில் வியர்வையும் இனிப்புப் பானமும் குடித்திருக்கும். பார் டேப்பை உரித்ததும் பாரில் வெள்ளைப் பொடி, குழி, ஸ்டெம் போல்ட்டில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். டர்பன் கடற்காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியமும் கார்பனும் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் அரிப்பு வேகமாகப் பரவும். சீட்போஸ்ட் அசையாமல் ஒட்டியிருந்தால் வாங்காமலே விட்டுவிடுங்கள்; அதை எடுக்கும் முயற்சியில் ஃப்ரேம் போய்விடும்.

ஃப்ரேமுக்குள் ஓடும் கேபிள்களை உருவி எடுக்கும் முன் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும். பழைய இன்னர் (கேபிளின் உள்கம்பி) உள்ளே இருக்கும்போதே அதன் மேல் மெல்லிய லைனர் குழலை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தள்ளிவிட்டு, பிறகு இன்னரை உருவுங்கள். குழல் உள்ளே நிற்கும். புது இன்னர் அதன் வழியாகத் தானே போய்ச் சேரும். லைனர் இல்லாமல் உருவிவிட்டால், ஃப்ரேமுக்குள் கேபிளைத் தேடி ஒரு மாலை முழுவதும் போகும்.

லீவர், ஷிஃப்டர்: எது எதோடு சேரும்

டி.டி. சைக்கிளில் பிரேக் லீவர் பேஸ் பாரின் நுனியில், கியர் மாற்றும் ஷிஃப்டர் நீட்டுக் கம்பியின் நுனியில். ரோட்டில் இரண்டும் ஒரே எஸ்.டி.ஐ. லீவருக்குள் வருகிறது. செலவின் பெரும்பகுதி இங்கேதான், தவறான வாங்கலும் இங்கேதான்.

செயினைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளும் பின் டீரெய்லருக்கு விதி எளிது: ஷிமானோவுக்கு ஷிமானோ, ஸ்ராமுக்கு ஸ்ராம், கேம்பக்னோலோவுக்கு கேம்பக்னோலோ, ஸ்பீடு, அதாவது பின் பல்சக்கரங்களின் எண்ணிக்கையும், ஒன்றாக இருக்க வேண்டும். 10 ஸ்பீடு ஷிமானோ ரோடு டீரெய்லருக்கு 10 ஸ்பீடு லீவர். இதில் ஒரு விதிவிலக்கு, ஷிமானோவின் டியாக்ரா 4700 மாடல்: அது 10 ஸ்பீடு என்றாலும் பழைய 5700, 6700 மாடல் டீரெய்லரோடு சேராது, ஏனெனில் அதன் கேபிள் இழுப்பு வேறு. பழைய கடையில் மலிவாகக் கிடைத்த லீவரை வாங்கி வந்து கியர் பாதியில் நிற்கும்போது காரணம் பெரும்பாலும் இதுதான்.

முன் டீரெய்லரில் இன்னொரு பொறி. ஷிமானோ டி.டி. இடது ஷிஃப்டர்களில் பலவும் படியில்லாதவை, உராய்வில் நிற்பவை. அவை எந்த முன் டீரெய்லரையும் இழுத்துவிடும். எஸ்.டி.ஐ. அப்படியல்ல, தன் தலைமுறையைச் சேர்ந்த முன் டீரெய்லரைக் கேட்கும். ஆகவே இடது லீவரின் தலைமுறையைப் பார்த்து முன் டீரெய்லரையும் பட்டியலில் சேருங்கள்.

மின் கியரான டி.ஐ.2 இருந்தால் வேலை மிகச் சுலபம். 11 ஸ்பீடு டி.ஐ.2 சைக்கிளில் அதே தலைமுறை ரோடு லீவர்களும் எஸ்.டி.50 வகை வயர்களும் போதும். 12 ஸ்பீடில் வயர் எஸ்.டி.300, இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது.

கையில் பணம் குறைவா? பழைய ஷிமானோ டி.டி. ஷிஃப்டர்களை டிராப் பாரின் இரு நுனிகளிலும் செருகி, சாதாரண ரோடு பிரேக் லீவர் மட்டும் வாங்கலாம். இந்த ஷிஃப்டர்கள் டிராப் பாரின் நுனிக்கும் பொருந்தும் விதத்தில் விரியும் கிளாம்பு கொண்டவை. கியர் மாற்றக் கையை ஹுட்டிலிருந்து எடுக்க வேண்டும், அது ஒன்றே குறை. வேலைக்குப் போய்வர, கடற்கரையோரம் ஓட்ட இது நல்ல தீர்வு, எஸ்.டி.ஐ.க்கு ஏங்கி வேலையைத் தள்ளிப்போடுவதைவிட எவ்வளவோ மேல்.

பிரேக்

இதில் மட்டும் சமரசம் வேண்டாம். டி.டி. சைக்கிளின் பிரேக் நேரான தட்டை ஓட்டத்துக்கானது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தொடங்கி டர்பனில் முடியும் அமாஷோவா சைக்கிள் பந்தயப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள்: சுமார் 600 மீட்டர் உயரத்திலிருந்து கடல் மட்டம் வரை, இன்சாங்கா, போத்தாஸ் ஹில், ஃபீல்ட்ஸ் ஹில் என்று இறக்கமும் வளைவுமாக வரும் சாலை. அந்த இறக்கங்களில் நம்பக்கூடிய பிரேக் இருக்க வேண்டும்.

முன்னும் பின்னும் வெளியே தெரியும் சாதாரண இரட்டை அச்சு கேலிப்பர் (ரிம்மை இருபுறமும் அழுத்தும் பிரேக்) என்றால் கவலை இல்லை. ஆனால் லீவர் தலைமுறையைப் பாருங்கள். ஷிமானோ 7900, 6700, 5700 தொடங்கி லீவர்கள் அதிகக் கேபிள் இழுக்கின்றன. அந்த லீவரைப் பழைய கேலிப்பரோடு சேர்த்தால் பிடிப்பு கல்லாக இருக்கும், சைக்கிள் நிற்காது. பழைய லீவரைப் புது கேலிப்பரோடு சேர்த்தால் லீவர் மெத்தென்று பார் வரை வந்துவிடும். இரண்டும் ஒரே தலைமுறையாக இருப்பதுதான் வழி.

ஃபோர்க்குக்குள்ளோ பாட்டம் பிராக்கெட்டின் அடியிலோ மறைந்திருக்கும் பிரேக் இருந்தால் மூன்று தொல்லைகள் வரும். முன் பிரேக்கின் கேபிள் மேலிருந்து நேராக இறங்க வேண்டும்; டிராப் பாரிலிருந்து வரும் அவுட்டர் (கேபிளின் வெளி உறை) அங்கே கூர்மையாக வளையும். அந்த வளைவில் வளையும் கண்ணித் துண்டு அல்லது 90 டிகிரி உலோக வளைகுழாய் போடாவிட்டால் லீவரை விட்டாலும் பேட் ரிம்மை விட்டு விலகாது. அடியில் இருக்கும் பின் பிரேக்கில் சேறும் மணலும் சேரும். மழைக்குப் பின் ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டும். மூன்றாவது, அகலமான ரிம்முக்கு அவற்றில் இடமில்லை. 19 மி.மீ. அகல ரிம்முக்குச் செய்த மறை பிரேக்கில் 26 மி.மீ. ரிம்மை நுழைப்பது பெரும்பாலும் நடக்காது.

தென்னாப்பிரிக்காவில் இடது பக்கமாக ஓட்டுகிறோம். திரும்பும் சைகைக்கு வலது கையை அடிக்கடி எடுக்கிறோம். ஆகவே எந்த லீவர் எந்தப் பிரேக்கை இழுக்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய சைக்கிளில் மாறியிருக்கலாம். வீட்டிலுள்ள எல்லாச் சைக்கிளும் ஒரே மாதிரி இருக்கட்டும். அவசரத்தில் கை பழக்கப்படிதான் அழுத்தும்.

பொருத்தி முடித்ததும் செய்ய வேண்டிய சோதனை: முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டு, ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்புங்கள். எங்காவது பேட் உரசினால் அவுட்டர் குட்டை. அடுத்து லீவரை முழு பலத்தோடு இறுக்கிப் பிடியுங்கள். பாரிலிருந்து குறைந்தது 2 செ.மீ. தள்ளியே நிற்க வேண்டும். கேபிள் நழுவினால் இங்கேயே நழுவட்டும்.

டிஸ்க் பிரேக் உள்ள டி.டி. சைக்கிளில் ஹைட்ராலிக் எஸ்.டி.ஐ.யும், குழாயைப் புதிதாக வெட்டி எண்ணெய் நிரப்பிக் காற்றை வெளியேற்றும் வேலையும் சேரும். குழாய் பேஸ் பாருக்குள்ளும் ஹெட்செட்டுக்குள்ளும் போயிருந்தால் கடையில் கொடுப்பதே மேல்.

கேபிள் இழுக்கும் வரிசை

முதலில் வெறும் பாரில் லீவரை இறுக்குங்கள், டேப் சுற்ற வேண்டாம். சைக்கிளை நிறுத்தி மிதிக்கும் டிரெய்னரில் ஏற்றியோ வாசலில் ஓட்டியோ ஹுட்டின் இடம் சரிதானா என்று முடிவு செய்யுங்கள். அவுட்டரை வெட்டிய பின் ஹுட்டை 1 செ.மீ. தூக்கினால்கூட எல்லா அவுட்டரும் குட்டையாகிவிடும்.

ஷிஃப்ட் அவுட்டர் 4 மி.மீ., இன்னர் 1.2 மி.மீ.; பிரேக் அவுட்டர் 5 மி.மீ., இன்னர் 1.6 மி.மீ. இரண்டையும் மாற்றிப் போடவே கூடாது: ஷிஃப்ட் அவுட்டரின் நீளவாக்குக் கம்பிகள் பிரேக் அழுத்தத்தில் பிளந்து வெளியே வரும். டி.டி. ஃப்ரேமில் கேபிள் நுழையும் துளை பெரும்பாலும் ஸ்டெமுக்குப் பின்னால் மேல் குழாயில் இருக்கும். டிராப் பாரிலிருந்து வரும் அவுட்டர் முன்னே போய், ஹெட் குழாயைச் சுற்றி, பின்னே வந்து நுழைய வேண்டும். இந்த வளையத்தைத் தாராளமாக விடுங்கள். பார்வைக்கு அழகில்லை என்று குறுக்கினால் பின் கியர் இறங்க மறுக்கும்; ஆளும் டீரெய்லர் தொங்கும் ஹேங்கரை வளைத்துப் பார்ப்பார், பின் பல்சக்கரத் தொகுதியான கேசட்டை மாற்றிப் பார்ப்பார், குற்றம் இந்த வளைவில் இருக்கும்.

ஃப்ரேமில் கேபிள் இறுக்கத் திருகு இல்லையென்றால் அவுட்டரின் நடுவில் போடும் திருகை இரண்டு ஷிஃப்ட் கேபிளுக்கும் சேருங்கள். நுழைவுத் துளைகளில் ரப்பர் அடைப்பு கட்டாயம்; இல்லாவிட்டால் மழைநீர் நேராக பாட்டம் பிராக்கெட்டில் தேங்கும். கடலோரத்தில் துருப்பிடிக்காத எஃகு இன்னரும் மூடிய நுனியுள்ள அவுட்டரும் மட்டுமே வாங்குங்கள்.

கியர்

53/39 பல் செயின்ரிங்கும் (முன் பல்சக்கரங்கள்) 11-25 கேசட்டும் டி.டி. சைக்கிளில் சாதாரணம். 39×25-இல் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 12 கி.மீ. அதற்குக் கீழே போகும் மேட்டில் நின்றுகொண்டு தள்ள வேண்டியதுதான். 34×28-இல் அதே 60 சுற்றுக்கு 9 கி.மீ., 34×32-இல் 8 கி.மீ. ரிசர்வோர் ஹில்ஸ், சாட்ஸ்வர்த் தெருக்களில் வீடு உள்ளவர்களுக்கு இந்த வித்தியாசம் முழங்காலுக்குச் செய்யும் பேருதவி.

செயின்ரிங்கைத் தாங்கும் கிராங்கின் போல்ட் வட்டம் 130 மி.மீ. என்றால் அதில் 38-க்குக் கீழே செயின்ரிங் ஏறாது, 110 மி.மீ. கிராங்க் வேண்டும். கிராங்கை மாற்றாமல் கேசட்டை மட்டும் பெரிதாக்க முடியுமா என்பது பின் டீரெய்லரின் கூண்டைப் பொறுத்தது: ஷிமானோ 11 ஸ்பீடின் முதல் தலைமுறையில் குட்டைக் கூண்டு 28 வரை, நடுத்தரக் கூண்டு 32 வரை.

53-இலிருந்து 50-க்கு இறங்கினால் முன் டீரெய்லரும் 6 மி.மீ. இறங்க வேண்டும். பெரிய செயின்ரிங்கை மனத்தில் வைத்து டீரெய்லர் பிடிப்பை உயரத்தில் ஒட்டிய டி.டி. ஃப்ரேம்கள் சிலவற்றில் அந்தத் துளை இவ்வளவு கீழே வராது. டீரெய்லர் தகட்டுக்கும் செயின்ரிங் பல்லுக்கும் இடையே 1 முதல் 3 மி.மீ. என்ற இடைவெளி கிடைக்காவிட்டால் 52/36 கிராங்க் எடுங்கள். செயினை எப்போதும் புதிதாக அளக்க வேண்டும்: பெரிய பல், பெரிய பல் மேல் டீரெய்லரைத் தொடாமல் சுற்றி, இரண்டு கண்ணி கூட்டி வெட்டுங்கள்.

சக்கரம்

தட்டாக மூடிய டிஸ்க் சக்கரமும் 80 மி.மீ. ஆழ முன் ரிம்மும் அன்றாடத்துக்கு வேண்டாம். டர்பனில் தென்மேற்குக் காற்று திடீரென்று திரும்பும். உம்ஷ்லாங்கா பக்கம் கட்டடங்களுக்கு நடுவே வெளிவரும்போது முன் சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடுங்கும். 30 முதல் 40 மி.மீ. ரிம் போதும். கார்பன் ரிம்மில் ஓடிய பிரேக் பேடை அலுமினிய ரிம்முக்கோ, அலுமினிய ரிம்மில் ஓடியதைக் கார்பனுக்கோ மாற்றாதீர்கள். பேடில் பதிந்த அலுமினியத் துகள் கார்பனை அறுக்கும்.

டயருக்கு 25 மி.மீ. என்று எழுதியிருந்தாலும் அகல ரிம்மில் அது 27 ஆக விரியும். முழுக் காற்றில் சுற்றிலும் 4 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். பல டி.டி. ஃப்ரேம்களில் பின் அச்சு பின்பக்கமாக நுழையும், டயர் சீட் குழாயின் வளைவை ஒட்டி நிற்கும். டிராப்அவுட்டில் உள்ள சிறு திருகுகள் இந்த இடைவெளியைச் சரிசெய்யத்தான். அதைத் திறக்காமலே சிலர் ஃப்ரேம் சிறியது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இன்னொன்று, சில ஃப்ரேம்களில் காற்றை இறக்கினால்தான் சக்கரம் வெளியே வரும். பஞ்சரில் இது பரவாயில்லை. புது டியூப் போட்டபின் காற்றை அடிக்கும் முன் சக்கரத்தை உள்ளே ஏற்ற வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

மீதி

டி.டி. ஃப்ரேமில் பெரும்பாலும் ஒரே பாட்டில் இடம். டர்பன் கோடையில் அது போதாது. சீட்டுக்குப் பின் பிடிப்பு ஒன்று மாட்டுங்கள். தட்டையான சீட்போஸ்டில் வட்டக் கிளாம்பு விளக்கு நிற்காது, சீட் கம்பியில் மாட்டும் வகையை வாங்குங்கள். தலைக்கவசம் இந்நாட்டில் சட்டப்படி கட்டாயம், ஃப்ரீவேயில் சைக்கிளுக்கு அனுமதியில்லை. நீட்டுக் கம்பியை டிராப் பாரில் மறுபடியும் மாட்டும் எண்ணம் இருந்தால், கூட்டமாகப் புறப்படும் பந்தயங்களில் உலக சைக்கிள் சங்கமான யு.சி.ஐ.யின் விதி அதைத் தடுக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். குழு ஓட்டத்தில் அது ஆபத்தும்கூட: கை பிரேக்கிலிருந்து தூரத்தில் இருக்கும்.

இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கார்பனைத் தொடாதீர்கள். பாகத்தின் மேலே அச்சிட்ட எண்ணே இறுதி. எண் இல்லாவிட்டால் ஸ்டெமின் முகப்புத் தகடு 5 நியூட்டன் மீட்டர், எஸ்.டி.ஐ. பட்டை 6 முதல் 8, பிரேக் கேபிள் பிடிப்பு 6 முதல் 8, கேசட் பூட்டு வளையம் 40. சீட்போஸ்டுக்குக் கார்பன் பசை போடுங்கள், சாதாரண கிரீஸ் வேண்டாம். சில மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து மறுபடி பசையிடுங்கள்.

முதல் ஓட்டம் கடற்கரை நடைபாதை போன்ற சமதரையில் 20 கி.மீ.க்குள் இருக்கட்டும். ஆலன் கீ கையோடு இருக்க வேண்டும், சீட் 2 மி.மீ. வீதம் மட்டுமே நகர வேண்டும். கேபிள் முதல் வாரத்தில் தளரும், 100 கி.மீ. ஆனதும் கியரையும் பிரேக்கையும் மறுபடி இறுக்கி, ஸ்டெம், லீவர், சீட் கிளாம்பு எல்லாவற்றையும் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள். அதன் பிறகே பெரிய இறக்கங்கள். பார் டேப்பையும் அப்போது சுற்றினால் போதும்.